பூச்சியின் விலை

முனீசுவரன் கோவில் தெருக் கடையில்
பித்தளை அண்டாவுக்கும் ரசம்போன கண்ணாடிக்கும் நடுவே
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது,
தலையில்லாத ஓர் ஆள் மாதிரி.
காரைக்குடியில் அன்று நூற்று மூன்று டிகிரி.

தொட்டுப் பார்த்தேன்.
கம்பளிதான்,
மூன்று நாள் மழிக்காத கன்னம் போல முரடு.
இறக்கிக் கையில் வாங்கினால்
தூங்கிப்போன பிள்ளையின் கனம்.
“பட்டாளத்துக் கோட்டு” என்றார் காசிம் ராவுத்தர்.
எந்தப் பட்டாளம்?
“குளிர்ற எடத்துப் பட்டாளம்.”

அழகுக்கென்று ஒரு தையலும் இல்லை அதில்.
காலரை நிமிர்த்தினால் காது மறையும்,
மறையத்தான் அத்தனை அகலம்.
பின்னால் இடுப்பிலிருந்து நெடுக ஒரு பிளவு,
குதிரைமேல் உட்காரவாம்.
குதிரைகள் போன பிறகும்
அதை யாரும் தைத்து மூடவில்லை.
எட்டில் ஏழு பித்தளைப் பொத்தான்.
எட்டாவது இடத்தில்
சாதாரணச் சட்டையின் வெள்ளைப் பொத்தான்,
கறுப்பு நூலில், கோணலாக,
ஊசி பழகாத கை எதுவோ
அவசரத்தில் தைத்தது.
அங்கேதான் விழுந்தேன்.

பைக்குள் கைவிட்டேன்.
கடிதம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்.
நானும் நினைத்தேன்.
பாதி அந்துருண்டை.

இடது விலாவுக்கு நேரே ஓர் ஓட்டை.
“குண்டு” என்றார் ராவுத்தர், குரலைத் தாழ்த்தி.
“பூச்சி” என்றேன்.
குண்டென்றால் மூவாயிரம்,
பூச்சியென்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
டீ வந்தது.
டீ ஆறியது.
நான் பூச்சியிலேயே நின்றேன்.

“ஊட்டிக்கு மாற்றலா?” என்று கேட்டுவிட்டு
வீட்டுக்காரர் தூங்கப் போனார்.
நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு
பீரோக் கண்ணாடி முன் நின்றேன், மின்விசிறி ஐந்தில்.
தோள் தானாக நிமிர்ந்தது.
அம்மா முதுகில் தட்டித் தட்டிச் சொல்லியும்
இத்தனை வருஷம் நிமிராத தோள்.
யாரையும் சுடத் தோன்றவில்லை.
யாராவது ஒரு திசையைக் காட்டி
“போ” என்றால்
ஏனென்று கேட்காமல் போய்விடுவேன் போலிருந்தது.
அது பிடித்திருந்தது.
பிடித்திருந்ததைப் பார்த்துப் பயந்து
வேர்வையோடு கழற்றினேன்.

திங்கட்கிழமை வேலைக்கு எடுத்துப்போனேன்.
அரியக்குடி சாலையில் எங்கள் குளிர்கிடங்கு.
தொண்டி இறால், ஐஸ்கிரீம், உரித்த பட்டாணி.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
கம்பெனி தந்த ஜாக்கெட்டில் ஜிப் போய் எட்டு மாதம்,
எழுதிக் கொடுத்தால் “பார்க்கலாம்” என்று வரும்.

இரும்புக் கதவு திறந்து
வெள்ளைப் புகை காலைச் சுற்றியதும்
கோட்டு,
தன் ஊர் நிறுத்தம் வந்தது போல
என்மேல் எழுந்து உட்கார்ந்தது.

இப்போது முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.
முத்துராக்குவுக்கு அது கணுக்கால் வரை வரும்,
இறால் பெட்டிகளுக்கு சல்யூட் வைப்பாள்,
சிரிப்பு புகையாகப் போகும்.
சேவுகன் மட்டும் தள்ளி நின்றான்,
“செத்தவன் துணி எனக்கு வேண்டாம்.”
செத்தானென்று யார் சொன்னது?
மூன்றாம் நாள்
மீன் லோடு இரண்டு ஒன்றாக வந்தபோது
பேசாமல் கையை நீட்டினான்.
கொடுத்தேன்.
வெளியே வந்து வெயிலில் உதறியபோது
கோட்டிலிருந்து பனி சொட்டியது,
நடந்து வந்தவன் வேர்வை போல.

பெட்டி எண்ணும்போது
எங்கும் குளிர் தெரிவதில்லை,
அந்த ஓட்டையில் தவிர.
இடது விலாவில்
ஒற்றை ரூபாய்க் காசு அகலத்துக்கு
சில்லென்று ஒரு விரல்.

தைத்துத் தருகிறேன் என்று
முத்துராக்கு ஊசியும் காக்கி நூலும் கொண்டுவந்தாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
நூற்றுப் பதிமூன்று, நூற்றுப் பதினான்கு,
பேச்சுக் கொடுக்காதே,
எண்ணிக்கை தப்பிவிடும்.